உள்ளூராட்சி நிதியில் மின்சிக்கனமும் சூரிய மின்சாரமும்: கொழும்பில் ஒரு குடியிருப்போர் குழு விண்ணப்பிக்க வேண்டிய முறை

சனசமூக நிலையத்துக்கோ முன்பள்ளிக்கோ தொடர்மாடிக்கோ சூரிய மின்தகடு பொருத்த உதவி கேட்டு மாநகர சபைக்குப் போகும் குழுக்கள், நான் பார்த்தவரையில், கையில் ஒரு நிறுவனத்தின் விலைக்கோரலோடுதான் போகின்றன. கொட்டாஞ்சேனையில் நாங்கள் நடத்தும் குடியிருப்போர் சங்கமும் முதல் தடவை அப்படித்தான் போனது. பளபளப்பான தாளில் அச்சிட்ட விலைக்கோரல், முப்பது பேர் கையொப்பமிட்ட மனு, ஒரு வேண்டுகோள் கடிதம் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தோம். ஐந்து மாதங்களுக்குப் பிறகு ஓர் அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: கூரை யாருக்குச் சொந்தம் என்பதற்கான ஆவணம் இணைக்கப்படவில்லை. அதற்குள் அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடும் முடிந்துவிட்டது.

அந்தக் கேள்வி நியாயமானது என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டோம். உள்ளூராட்சிப் பணம் என்பது சோலை வரியாகவும் கட்டணமாகவும் மக்களிடமிருந்து வருவது. அதைச் சபை தன் சொத்துக்கும் பொதுச் சேவைக்கும் செலவிடலாம். தனியார் கூரையில் செலவிட்டால் தேசிய கணக்காய்வு அலுவலகம் கேள்வி கேட்கும். ஆகவே எந்தத் தொழில்நுட்பம், எத்தனை கிலோவாட் என்று யோசிப்பதற்கு முன்னால், எந்தக் கட்டடம், அது யாருடையது என்ற கேள்விக்கு விடை எழுதிக்கொள்ள வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அந்த விடைதான் தீர்மானிக்கிறது.

எது யாருடையது

கொழும்பு மாநகர சபைக்குச் சொந்தமான நூலகங்கள், முன்பள்ளிகள், தாய் சேய் கிளினிக்குகள், சனசமூக மண்டபங்கள், சந்தைகள், விளையாட்டு மைதானங்கள், பொதுக் கழிப்பறைகள், சபையின் சொந்தக் குடியிருப்புகள் ஆகியவை முதல் வகை. தெருவிளக்குகளும் சபையின் பொறுப்பே. இவற்றுக்கான திட்டத்தைச் சபையின் வரவு செலவுத் திட்டத்தில் நேரடியாகச் சேர்க்கலாம். உங்கள் குழு கோரிக்கையை முன்வைக்கும், பணத்தைச் சபையே செலவிடும்.

நகர அபிவிருத்தி அதிகார சபையோ தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையோ கட்டிய தொடர்மாடிகள் இரண்டாம் வகை. இவற்றில் மின்தூக்கி, நீர்ப்பம்பி, மாடிப்படி விளக்கு ஆகிய பொதுச் செலவுகள்தாம் குடியிருப்போரின் தோளில் விழும் பெரிய சுமை. இங்கே கட்டிய அதிகார சபையின் எழுத்துமூல சம்மதமும், வீட்டு உரிமையாளர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருந்தால் அதன் தீர்மானமும் தேவை. தொடர்மாடிகளை மேற்பார்வை செய்யும் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையோடும் பேச வேண்டியிருக்கும்.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ளதுபோன்ற முற்றிலும் தனியாரின் அடுக்குமாடிகள் மூன்றாம் வகை. இவற்றுக்குச் சபைப் பணத்தை எதிர்பார்ப்பது காலவிரயம் என்பதே என் கருத்து. உரிமையாளர்களின் பராமரிப்பு நிதியும், கூரை மேல் சூரிய சக்திக்காக வங்கிகள் தரும் கடனும்தான் அங்கே வழி. கோயில், பள்ளிவாசல், தேவாலய மண்டபங்கள் அவற்றின் அறங்காவலர் சபைகளுக்குச் சொந்தமானவை. மின்கட்டண வகைகளில் சமய, தரும நிறுவனங்களுக்கெனத் தனிப்பிரிவு உண்டு. உங்கள் மண்டபத்தின் பட்டியல் அந்தப் பிரிவில்தான் வருகிறதா என்று முதலில் பாருங்கள். தவறான பிரிவில் ஆண்டுக்கணக்காகக் கட்டிவந்தால், அதைத் திருத்துவதற்கு எந்த நிதியும் தேவையில்லை, ஒரு கடிதம் போதும்.

மீட்டருக்கு முன்னால் ஓர் இரவு

விண்ணப்பத்தின் உயிர் அளவீட்டில் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்து மின்பட்டியல்களைத் திரட்டுங்கள். கிடைக்காத மாதங்களுக்கு மின்சாரம் வழங்கும் அலுவலகத்தில் கணக்கிலக்கத்தைக் கொடுத்துக் கேட்கலாம். பிறகு ஓர் இரவு, எல்லோரும் உறங்கிய பிறகு, கைவிளக்கோடு பொது மீட்டருக்கு முன்னால் போய் நில்லுங்கள். எங்கள் மீட்டர் சில்லு சுற்றும் பழைய வகை. இரவு ஒரு மணிக்கு மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் அந்தச் சில்லு மெதுவாகச் சுற்றும் என்று நினைத்தோம். அதுவோ சிவப்புக் கோடு கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தால், தாங்கியின் மிதவை வால்வு தேய்ந்து, தண்ணீர் வழிகுழாய் வழியே கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பம்பி அதை நிரப்ப ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது. வால்வின் விலையை வைத்துப் பார்த்தால், அந்த ஒரு மாதத்து வீண்செலவே அதைவிட அதிகம்.

மூன்று குதிரைவலுப் பம்பி ஓடும்போது ஏறத்தாழ 2.8 கிலோவாட் இழுக்கும். அது நாளுக்கு நான்கு மணி நேரம் அநாவசியமாக ஓடினால் மாதத்துக்கு 336 அலகுகள் வீணாகின்றன. மாடிப்படி விளக்குகளையும் இதேபோல் எண்ணுங்கள். பழைய நான்கடிக் குழல் விளக்கு 36 வாட், அதன் சோக்கையும் சேர்த்தால் சுமார் 45 வாட். அதே வெளிச்சத்தைத் தரும் எல்ஈடி குழல் 18 வாட். அறுபது விளக்குகள் உள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் ஒரே ஆளி இருப்பதால் அவை இரவு பகல் எந்நேரமும் எரிகின்றன என்றால் மாதச் செலவு 1,944 அலகுகள். எல்ஈடிக்கு மாற்றி, இரவு பன்னிரண்டு மணி நேரம் மட்டும் எரியும்படி ஒளியுணரி பொருத்தினால் அது 389 அலகுகளாகக் குறையும். மீதமாகும் 1,555 அலகுகளைச் சூரிய மின்தகடுகளால் ஈடுசெய்ய வேண்டுமானால், கொழும்பில் ஒரு கிலோவாட் மாதத்துக்கு 110 அலகுகள் அளவில் தருகிறது என்று கொண்டால், 14 கிலோவாட் தொகுதி தேவைப்படும். அந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இதனால்தான் முதலில் சிக்கனம், பிறகு சூரிய சக்தி என்ற ஒழுங்கை நான் வற்புறுத்துகிறேன். சிறிய சபை ஒதுக்கீட்டுக்குள் விளக்கு, ஒளியுணரி, வால்வு, மின்கம்பித் திருத்தம் ஆகியவை அடங்கிவிடும். அதை முடித்துக் காட்டிய குழு அடுத்த ஆண்டு கூரைக்குக் கேட்கும்போது அதன் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். அளவீட்டில் சந்தேகம் வந்தால் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகார சபையை நாடலாம். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அந்த அதிகார சபைக்கு மின்சிக்கனமும் புதுப்பிக்கத்தக்க வலுவும் நேரடிப் பொறுப்புகள்.

சூரிய மின்தகடு பற்றி எழுதும் முன்

கூரை மேல் சூரிய மின்சாரத்தை நாட்டில் பரப்பிய ‘சூரிய பல சங்கிராமய’ 2016 செப்டெம்பரில் தொடங்கியது. மின்சாரம் வழங்குவோரோடு செய்யும் ஒப்பந்தம் பல வகை: நெட் மீட்டரிங் முறையில் உற்பத்தி உங்கள் பாவனைக்கு எதிராகக் கழிக்கப்பட்டு, மிகுதி அலகுகளாகவே வரவு வைக்கப்படும். நெட் எக்கவுண்டிங் முறையில் மிகுதிக்குப் பணம் கிடைக்கும். நெட் பிளஸ் முறையில் உற்பத்தி முழுவதும் தனியாக விற்கப்படும். திட்டம் தொடங்கியபோது முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகுக்கு 22 ரூபாவும் அதன் பின் 15.50 ரூபாவும் வழங்கப்பட்டன. அதற்குப் பிறகு அந்த விலைகள் பல தடவை மாறிவிட்டன. அயல் கட்டடத்தார் சில ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விலையை உங்கள் கணக்கில் போட்டால் முழு விண்ணப்பமும் பிழையாகிவிடும். அங்கீகரிக்கப்பட்ட நடப்பு விலையை மட்டும் பயன்படுத்துங்கள்.

2022 மார்ச் இறுதியில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டை அனுபவித்த நாங்கள், கூரையில் தகடு இருந்தால் இருட்டு வராது என்று நம்பினோம். அது தவறு. மின்கலம் இல்லாத, மின்வலையோடு இணைத்த தொகுதி, மின்வெட்டு வந்த உடனே தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்வெட்டின்போதும் கிளினிக்கின் தடுப்பூசிக் குளிரூட்டி இயங்க வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், மின்கலத்தையும் அதற்கேற்ற இன்வேட்டரையும் தனிச் செலவாகக் காட்டியாக வேண்டும். 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையின்போது பகல்நேர மின்தேவை குறைந்ததால், கூரைத் தொகுதிகளைப் பிற்பகல் மூன்று மணிவரை நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. அதை நினைவில் வைத்து, விற்பனை வருமானத்தை நம்பிப் பெரிதாகக் கேட்பதைவிட, பகலில் நீங்களே பாவிக்கும் அளவுக்குக் கேட்பதே அறிவுடைமை. முன்பள்ளி, நூலகம், கிளினிக், சந்தை ஆகியவை பகலில் இயங்குவதால் இதற்கு மிகப் பொருத்தமானவை. இரவில் மட்டும் விளக்கெரியும் மண்டபம் அவ்வளவு பொருத்தமல்ல.

உங்கள் பகுதியின் மின்மாற்றியில் இடமிருக்கிறதா என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். கொழும்பு மாநகருக்குள் இருப்பது இலங்கை மின்சார சபை நடத்திவந்த வலையமைப்பு. கோட்டே, நுகேகொடை, மொரட்டுவை போன்ற பகுதிகளில் லெகோ நிறுவனத்திடம் கேட்க வேண்டும். மின்மாற்றி நிரம்பியிருந்தால் நிதி கிடைத்தாலும் இணைப்புக் கிடைக்காது.

யாரிடம், எப்போது

சபையின் நிதியாண்டு ஜனவரி முதலாம் திகதி தொடங்குகிறது. அதற்கான வரவு செலவுத் திட்டம் டிசெம்பருக்குள் நிறைவேற வேண்டும். திணைக்களங்கள் தங்கள் மதிப்பீடுகளை அதற்குச் சில மாதங்கள் முன்பே தயாரிக்கத் தொடங்குகின்றன. ஆகவே அடுத்த ஆண்டு வேலை நடக்க வேண்டுமானால் இந்த ஆண்டு ஜூலையிலேயே உங்கள் கோப்பு உள்ளே இருக்க வேண்டும். நவம்பரில் போகிறவருக்கு அனுதாபம்தான் கிடைக்கும். வரைவு வரவு செலவுத் திட்டம் சபையில் எடுக்கப்படுவதற்கு முன் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும். அந்த நாட்களில் ஒருவர் நேரில் போய், உங்கள் வேலை எந்தத் தலைப்பின் கீழ், எவ்வளவு தொகையோடு இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே இல்லாவிட்டால், வாய்மொழியாகக் கிடைத்த எந்த உறுதிமொழிக்கும் பொருளில்லை.

வட்டார உறுப்பினரிடம் பேசுங்கள், ஆனால் அவரிடம் மட்டும் பேசி நிறுத்தாதீர்கள். அவருடைய பரிந்துரை கோப்பை நகர்த்தும். மதிப்பீட்டைத் தயாரிப்பவர் பொறியியல் பிரிவின் உத்தியோகத்தர். அவரைக் கட்டடத்துக்கு அழைத்து வந்து, பகலில் எரியும் விளக்கையும் மீட்டரையும் காட்டுவது பத்துக் கடிதங்களுக்குச் சமம். எங்கள் இரண்டாம் முயற்சியில் வந்த உத்தியோகத்தர் மாடிப்படியில் நின்று, இரைந்துகொண்டிருந்த ஒரு சோக்கைத் தொட்டுப் பார்த்து, கையை உடனே எடுத்தார். அந்தச் சூடு முழுவதும் நாங்கள் காசு கொடுத்த மின்சாரம் என்று அவரே சொன்னார். அதன் பிறகு மதிப்பீடு விரைவாக வந்தது.

சபைக்கு வெளியேயும் சில வழிகள் உள்ளன. பாராளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் பகுதி வேலைகளுக்குப் பரிந்துரைக்கும் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவு நிதி 1974இல் தொடங்கிய ஏற்பாடு. அது மாவட்ட, பிரதேச செயலகங்களின் ஊடாக நடைமுறையாகிறது. கொழும்பு நகருக்குக் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என இரண்டு பிரதேச செயலகங்கள் உள்ளன. உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவு எதற்குள் வருகிறது என்று உறுதிசெய்யுங்கள். உள்ளூர்க் கடன் மற்றும் அபிவிருத்தி நிதியம் 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்தது. அதில் கடன் பெறச் சபைகளால்தான் முடியும், சங்கங்களால் முடியாது. ஆனால் சந்தை, தெருவிளக்கு போன்ற பெரிய வேலைக்கு அந்த நிதியத்தை நாடும்படி சபையைக் கேட்கலாம். மின்சிக்கனத்தால் மீதமாகும் தொகையிலேயே கடனைக் கட்ட முடியும் என்று கணக்குக் காட்டினால் அந்தக் கோரிக்கைக்கு வலுவுண்டு. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக நடக்கும் உலகச் சுற்றாடல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம், பதிவுபெற்ற சமூக அமைப்புகளுக்கு நேரடியாக மானியம் தருகிறது. சபை ஒருபங்கு, மானியம் ஒருபங்கு என்று சேர்த்துக் கேட்பதும் உண்டு.

கோப்பில் இருக்க வேண்டியவை

பதிவில்லாத குழுவுக்கு எங்கும் பணம் வராது. சனசமூக நிலையமாக உள்ளூராட்சி நிறுவனத்தில் பதிவுசெய்யலாம், அல்லது 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்யலாம். பதிவுச் சான்றிதழ், யாப்பு, கடந்த ஆண்டுக் கணக்கறிக்கை, வங்கிக் கணக்கின் பிரதி, திட்டத்துக்குச் சம்மதம் தெரிவித்த பொதுக்கூட்டத்தின் அறிக்கை ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் மேலே இருக்கட்டும். அதற்கடுத்துப் பன்னிரண்டு மாதப் பட்டியல்களின் சுருக்கத்தை ஒரே பக்கத்தில் வையுங்கள். கூரை வேலையானால் ஒரு பட்டயப் பொறியியலாளர் கூரையின் தாங்குதிறனைப் பார்த்து எழுதிய சான்று தேவை. கொழும்பு வடக்கின் பழைய அஸ்பெஸ்டஸ் கூரைகளில் ஏறி நிற்பதே ஆபத்து என்பதை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

விலைக்கோரல்களை மூன்று நிறுவனங்களிடம் பெற்று ஒப்பிட்டு வையுங்கள். நிலைபெறுதகு வலு அதிகார சபையில் பதிவான நிறுவனங்களாகத் தெரிந்தெடுங்கள். ஆனால் வேலையை யாருக்குக் கொடுப்பது என்பதைச் சபையின் கொள்வனவு நடைமுறைதான் முடிவுசெய்யும். உங்கள் விலைக்கோரல் ஒரு மதிப்பீட்டு ஆதாரம் மட்டுமே. எந்த நிறுவனத்துக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், முற்பணம் வாங்கவோ கொடுக்கவோ வேண்டாம்.

விளக்கு மாற்றுதல், சிறு மின்கம்பி வேலை போன்றவற்றைப் பதிவுபெற்ற சமூக அமைப்பிடமே ஒப்பந்தமாகக் கொடுக்க முடியும். இது நமக்குப் புதிதல்ல. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டக் காலத்தில் கொழும்பில் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த சமூக ஒப்பந்த முறை அது. தோட்டத்து மக்களே வடிகாலும் நடைபாதையும் கட்டினார்கள். உங்கள் குடியிருப்பில் தகுதிபெற்ற மின்னியலாளர்கள் இருந்தால், கூலி வெளியே போகாது என்பதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தருகிறது. தொழில்நுட்ப அட்டவணையைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கூடவே இணைத்தால் மொழிபெயர்ப்புக்காகக் கோப்பு காத்திருக்காது. இது உரிமையை விட்டுக்கொடுப்பதாகாது, நாட்களை மிச்சம் பிடிப்பதுதான். கடிதத்தைக் கையளிக்கும்போது பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பதில் வராதபோது

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் நினைவூட்டுங்கள். அதற்கும் பதிலில்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். எங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது, இந்தத் தலைப்பில் இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்ற மூன்று கேள்விகள் போதும். பதினான்கு வேலைநாட்களுக்குள் முடிவு தர வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். சண்டைக்கான கருவியாக இதை எடுக்காதீர்கள். செலவாகாமல் கிடக்கும் ஒதுக்கீடு எங்கே என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி இல்லை.

பொருத்திய பிறகு

மூலதனச் செலவுக்குப் பணம் தருவது சபைக்கு எளிது, பராமரிப்பு போன்ற மீண்டெழும் செலவுக்குத் தருவதுதான் கடினம். நகரின் ஒரு பொது மண்டபத்தின் கூரையில் நான் பார்த்த தொகுதி இன்னும் கண்ணில் நிற்கிறது. தகடுகளின் மேல் காக்கை எச்சமும் அரச மரத்துச் சருகும் படிந்து, ஓரத்தில் சிறு செடி முளைத்திருந்தது. உள்ளே இன்வேட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எத்தனை மாதமாக என்று காவலாளிக்கும் தெரியவில்லை. மக்களின் பணம் அப்படிக் கிடப்பதைப் பார்க்க மனம் கொதித்தது. பொருத்தியவர்கள் போய்விட்டார்கள், பராமரிப்பவர் யார் என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

ஆகவே விண்ணப்பத்திலேயே பராமரிப்புக்குப் பொறுப்பான இரண்டு பதவிகளையும், மாதம் ஒருமுறை தகடு கழுவும் ஏற்பாட்டையும், உத்தரவாதக் காலத்தையும் எழுதுங்கள். தகடு இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும், இன்வேட்டரைப் பத்தாண்டு அளவில் மாற்ற நேரும். அதற்காக மாதாந்தம் ஒரு சிறு தொகையைத் தனிக் கணக்கில் வைப்பிலிடுங்கள். முகத்துவாரம், மட்டக்குளி, வெள்ளவத்தை போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று சாதாரண இரும்புத் தாங்கிகளை விரைவில் தின்றுவிடும். அலுமினியமும் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளும் வேண்டும் என்று விவரக்குறிப்பிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். இன்வேட்டரைச் சமையலறைக்கும் கழிப்பறைக்கும் அருகில் மாட்ட விடாதீர்கள்.

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியையும் நூலில் கட்டிய பேனையையும் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி காலை ஏழு மணிக்கு ஒருவர் வாசிப்பை எழுதிக் கையொப்பமிடட்டும். எங்கள் குடியிருப்பில் அந்த வேலையை உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை ஏற்றுக்கொண்டிருக்கிறாள். ஆறு மாத வாசிப்பு சேர்ந்ததும் அதன் பிரதியைப் பொறியியல் பிரிவுக்கும் வட்டார உறுப்பினருக்கும் கொடுங்கள். வேலை ஜனவரியில் முடிந்திருந்தால், அந்தப் பிரதி அவர்கள் கையில் சேரும்போது அடுத்த ஆண்டுக்கான கோப்பைக் கொடுக்கும் ஜூலை வந்திருக்கும்.